முகத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்: அமெரிக்கத் தேர்தல் பட்டன்களைச் சேகரித்த அனுபவம்

அமெரிக்க அதிபர் தேர்தல்களின் பிரசாரப் பொருள்களைச் சேகரிக்கிறேன் என்று சொன்னால், பெரும்பாலோர் முதலில் கேட்பது "அதெல்லாம் என்ன விலை போகும்?" என்பதுதான். விலையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது வேறொன்று இருக்கிறது. சட்டையில் ஊசியால் குத்திக்கொள்ளும் சிறு வட்ட வில்லையான பட்டனிலோ பதக்கத்திலோ இருக்கும் முகத்தையும் வாசகத்தையும் யார் வேண்டுமானாலும் நகலெடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பொருள் எதனால், எந்த முறையில், எந்தக் காலத்துத் தொழில்நுட்பத்தைக் கொண்டு செய்யப்பட்டது என்பதை மறைப்பது மிகவும் கடினம். ஆகவே, முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தையும் விளிம்பையும் படிக்கக் கற்றுக்கொண்டவர்களே இதில் ஏமாறாமல் இருக்கிறார்கள் என்பது பல ஆண்டுப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

வேலையின் பொருட்டு நான் குடியேறிய மாநிலம் ஒஹாயோ. ஏழு அதிபர்கள் பிறந்த மாநிலம் அது. 1896ஆம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராக நின்ற வில்லியம் மெக்கின்லி, ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்காமல், ஒஹாயோவின் கேன்டன் நகரிலிருந்த தம் வீட்டுத் திண்ணையிலேயே நின்று, தம்மைத் தேடி ரயிலேறி வந்த கூட்டங்களிடம் பேசினார். அந்தச் சில மாதங்களில் ஏறத்தாழ 7,50,000 பேர் அங்கே வந்துபோனதாகச் சொல்கிறார்கள். வந்தவர்களில் பலர் தம் தொழிற்சாலையின் பெயர், ஊரின் பெயர், சங்கத்தின் பெயர் பொறித்த நாடாக்களையும் பட்டன்களையும் கோட்டில் குத்திக்கொண்டு வந்தார்கள். போகும்போது சட்டைப்பையிலோ மேசை இழுப்பறையிலோ போட்டு மறந்தார்கள். நூறாண்டுக்கும் மேலாகியும் அந்தப் பகுதியின் பழைய வீடுகளில் அவை இன்னும் கிடைக்கின்றன. முதியவர் ஒருவர் இறந்த பிறகு வீட்டிலுள்ள அனைத்தையும் வீட்டிலேயே வைத்து விற்கும் எஸ்டேட் சேல் என்ற வழக்கம் அங்கே உண்டு. தையல் பெட்டிகள், பழைய சுருட்டுப் பெட்டிகள், ஊசி நூல் போட்டுவைத்த தகர டப்பாக்கள் ஆகியவற்றின் அடியில்தான் எனக்குப் பிடித்த பொருள்களில் பல கிடைத்தன. கண்ணாடி அலமாரியில் விலைச்சீட்டோடு இருப்பவற்றைவிட இவற்றில் நம்பகத்தன்மை அதிகம்; ஏனென்றால், போலி செய்பவர் அதைக் கொண்டுபோய்த் தையல் பெட்டியின் அடியில் போட்டுவைப்பதில்லை.

எந்தக் காலத்தில் எந்தப் பொருளால் செய்தார்கள் என்ற வரிசையை முதலில் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது மக்கள் அணிந்தவை உண்மையிலேயே கோட்டில் தைக்கும் பித்தளைப் பொத்தான்கள். ஜி, டபிள்யூ என்ற எழுத்துகளும் அதிபர் நீடு வாழ்க என்ற வாழ்த்தும் பொறித்தவை. 1840இல் வில்லியம் ஹென்றி ஹாரிசனை மரக்கட்டை வீட்டில் வாழும் எளிய மனிதராகக் காட்டிப் பிரசாரம் செய்தபோது, பட்டு நாடாக்களிலும் பீங்கான் தட்டுகளிலும் உலோக வில்லைகளிலும் அந்த மரவீட்டின் படம் வந்தது. 1860 தேர்தலில், மெல்லிய இரும்புத் தகட்டின்மேல் எடுத்த ஒளிப்படத்தைப் பித்தளை வளையத்தில் பொருத்தி, ஒரு பக்கம் ஆபிரகாம் லிங்கனும் மறுபக்கம் துணை அதிபர் வேட்பாளர் ஹானிபல் ஹேம்லினும் தெரியுமாறு செய்தார்கள். இவற்றை ஃபெரோடைப் என்பார்கள். வேட்பாளரின் உண்மையான ஒளிப்படத்தை மக்கள் நெஞ்சில் அணிந்து திரிந்தது அந்தத் தேர்தலிலிருந்துதான் பரவலாயிற்று. பிறகு 1896இல், காகிதப் படத்தின்மேல் செல்லுலாய்டு என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தைப் போர்த்திய செல்லுலாய்டு பட்டன் வந்தது. அன்றோடு எல்லாம் மாறியது. விலை மலிவு, நிறம் பளிச்சென்று இருக்கும், எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் அடிக்கலாம். தகரத்தின்மேல் நேரடியாக அச்சிட்டு வெட்டியெடுக்கும் லித்தோ பட்டன்கள் முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகே பரவலாயின.

இந்த வரிசை தெரிந்தால் போதும், பாதிப் போலிகள் தாமாகவே விலகிவிடும். ஒரு பழம்பொருள் சந்தையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வியாபாரி, "1896 அசல்" என்று எழுதிய சீட்டோடு மெக்கின்லி பட்டன்களை ஒரு தட்டு நிறைய வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே அளவு பளபளப்பு. ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பார்த்தபோது, விளிம்பில் ஒரு கீறலின் வழியே தகரம் பளிச்சென்று தெரிந்தது. செல்லுலாய்டு பட்டனில் கீறல் விழுந்தால் மேலே இருக்கும் ஒளிபுகும் படலம்தான் கீறுபடும். அடியிலிருக்கும் காகிதப் படம் அப்படியே இருக்கும். கீறலில் உலோகம் தெரிகிறது என்றால் மை தகரத்தின்மேலேயே இருக்கிறது என்று பொருள். 1896இல் அப்படி ஒரு பட்டனே இல்லை. ஆகவே, அதில் இருப்பது மெக்கின்லியாக இருந்தாலும், அவருடைய எதிர்வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனாக இருந்தாலும், லித்தோ என்றாலே அது பிற்கால நகல். வேறு எந்தச் சோதனையும் தேவையில்லை.

அந்த நகல்களில் பெரும்பாலானவை ஏமாற்றும் நோக்கத்தில் செய்யப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1968இல் கிளீனெக்ஸ் காகிதத் துடைப்பான்களின் விளம்பரத்துக்காகவும், 1972இல் அமெரிக்கன் ஆயில் நிறுவனத்தின் விளம்பரத்துக்காகவும் பழைய பட்டன்களின் நகல்கள் தொகுப்பாக வெளிவந்தன. அவற்றின் உள்மடிப்பு விளிம்பில் நகல் என்பதற்கான குறிப்பைச் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பின்னால் வந்த சிலர்தான் அந்த எழுத்தைச் சுரண்டியோ, வண்ணம் பூசி மறைத்தோ, அசல் என்று விற்றார்கள். எனவே உள்மடிப்பில் சுரண்டிய தடமோ, பொருந்தாத ஒரு பூச்சோ கண்ணில் பட்டால் அதை வாங்க வேண்டாம். 1973இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது: பழைய அரசியல் பொருள்களைப் போலச் செய்யப்படும் நகல்களில், அவை தயாரிக்கப்பட்ட ஆண்டை அழியாதபடி பொறிக்க வேண்டும். சட்டத்துக்குப் பிந்தைய ஒழுங்கான நகல்களை அந்த ஆண்டைக் கொண்டே அடையாளம் காணலாம். சட்டத்தை மதிக்காதவர்களுடைய நகல்களுக்கு நம் கண்தான் காவல்.

அசல் எப்படி இருக்கும் என்பதற்கு என்னிடமுள்ள ஒன்றையே விவரிக்கிறேன். அது முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமான விட்டமுள்ள மெக்கின்லி பட்டன். எடுத்தால் விரல் நுனியில் உட்கார்ந்துவிடும்; கனமே இல்லை. முன்பக்கம் வெள்ளையாக இருந்தது இப்போது தந்த நிறமாகியிருக்கிறது. படலம் விளிம்பில் மடிந்து பின்பக்கம் போகிற இடத்தில், அதை ஒரு மெல்லிய உலோக வளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. பின்புறக் குழிவில் ஒரு வட்டக் காகிதம். அதில் நியூஜெர்சி மாநிலத்தின் நெவார்க் நகரிலிருந்த ஒயிட்ஹெட் அண்டு ஹோக் நிறுவனத்தின் பெயரும், 1894, 1896 ஆண்டுகளின் காப்புரிமைத் தேதிகளும் பொடி எழுத்தில் இருக்கின்றன. காகிதத்தைச் சுற்றி வளைந்துபோகும் கம்பி ஊசி, தொட்ட இடமெல்லாம் காகிதத்தில் துருவின் பழுப்புக் கோட்டைப் பதித்திருக்கிறது. அந்தக் கோடு ஊசியின் வளைவோடு அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. நூறாண்டுகள் அந்த ஊசி அங்கேயே இருந்திருந்தால் மட்டுமே அப்படிப் பொருந்தும். பெருவிரலால் சில வினாடிகள் முன்பக்கத்தை அழுத்தித் தேய்த்து முகர்ந்தால், சில வேளைகளில் கற்பூர வாசம் மெலிதாக வரும். செல்லுலாய்டு செய்வதில் கற்பூரம் ஒரு சேர்மானம் என்பதே காரணம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பின்காகிதத்தில் 1896 என்று இருப்பதாலேயே அந்தப் பட்டன் 1896ஐச் சேர்ந்ததாகிவிடாது. அது காப்புரிமை பெற்ற ஆண்டுதான். அதே தேதிகள் அச்சிட்ட காகிதத்தை அந்த நிறுவனம் பின்னாலும் பல ஆண்டுகள் பயன்படுத்தியது. தியடோர் ரூசவெல்ட் 1904இல் நின்ற தேர்தலின் பட்டனிலும் அதே ஆண்டுகளைக் காணலாம். பின்காகிதம் எந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது என்பதைச் சொல்லும். எந்த ஆண்டுக்குரியது என்பதை முன்பக்கத்தில் இருக்கும் பெயர்களும் வாசகமும்தான் சொல்ல வேண்டும். தவிர, பின்காகிதம் இல்லாத அசல்களும் ஏராளம். தனிக் காகிதம் என்பதால் அது உதிர்ந்து விழுவதும், யாராவது எடுத்து வேறொன்றில் செருகுவதும் உண்டு. காகிதம் இருந்தால் அதன் ஓரத்தையும், ஊசியின் துருக்கோடு அதன்மேல் இயல்பாக விழுந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கையில் நான் எப்போதும் வைத்திருப்பவை பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ், சிறிய காந்தம், புறஊதாக் கதிர் டார்ச், ஓர் அளவுகோல் ஆகியவைதாம். ஃபெரோடைப் என்று சொல்லப்படும் லிங்கன் வில்லையில் படத்தின் இடத்தில் காந்தம் ஒட்டவில்லை என்றால், உள்ளே இருப்பது இரும்புத் தகடு அல்ல, காகிதப் படம் என்று சந்தேகிக்கலாம். லென்ஸில் பார்க்கும்போது, நான்கு வண்ணங்களின் புள்ளிகள் பூவிதழ் போலக் கூடி ஒழுங்கான வலையாகத் தெரிந்தால், அசலைப் படமெடுத்தோ ஸ்கேன் செய்தோ பிற்காலத்தில் அச்சிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். பழைய வண்ண அச்சில் புள்ளிகள் கையால் வைத்தவைபோல ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும். புறஊதா ஒளியில் காகிதமோ துணியோ நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வெண்மையூட்டும் வேதிப்பொருள் அதில் இருக்கிறது என்று அர்த்தம். 1888ஆம் ஆண்டு நாடா என்று சொல்லப்படும் ஒன்று அப்படி ஒளிர்ந்தால் அதை வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம். சூடான ஊசியால் குத்திச் செல்லுலாய்டைச் சோதிக்கும் பழைய முறையைச் சிலர் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. பொருளும் கெடும், செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பொருள்களுக்கு வேறு துப்புகள் உண்டு. அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1963 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1960 கென்னடி பட்டன் என்று தரப்படுவதன் விளிம்பில் அந்த எண்ணோடு கூடிய முகவரி இருந்தால், அது அந்தத் தேர்தலின்போது செய்யப்பட்டதல்ல. கென்னடி 1963 நவம்பரில் கொல்லப்பட்ட பிறகு நினைவுப் பட்டன்கள் மிகுதியாக வந்தன; அவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் பிரசாரப் பொருள் என்ற மதிப்பு இல்லை. விளிம்பில் அச்சகத் தொழிற்சங்கத்தின் சின்னம் இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி என்று சிலர் நம்புகிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல. அதேபோல, இன்னார் செலவில் வெளியிடப்பட்டது என்ற சட்டபூர்வ வாசகம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. பட்டன், பேனா போன்ற சிறிய பொருள்களுக்கு அந்த வாசகத்திலிருந்து அமெரிக்கச் சட்டம் விலக்கு அளித்திருக்கிறது.

இனி விலை. பழையது என்றால் விலை அதிகம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். மெக்கின்லியின் படம் மட்டும் இருக்கும் சாதாரணப் பட்டன்களை நான் நல்ல நிலையில் இருபது, முப்பது டாலருக்கு வாங்கியிருக்கிறேன். லட்சக்கணக்கில் அடிக்கப்பட்டவை அவை. இதற்கு நேர்மாறானது 1920ஆம் ஆண்டு. அன்று ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒஹாயோ ஆளுநர் ஜேம்ஸ் காக்ஸ். துணை அதிபர் வேட்பாளர் பிற்காலத்தில் நான்கு முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஃபிராங்க்ளின் ரூசவெல்ட். கட்சியிடம் பணம் குறைவு. இருவர் முகமும் சேர்ந்திருக்கும் பட்டன்கள் மிகக் குறைவாகவே செய்யப்பட்டன. இரண்டு வேட்பாளர்களின் முகமும் ஒன்றாக இருப்பதைச் சேகரிப்பாளர்கள் ஜுகேட் என்பார்கள். காக்ஸ்-ரூசவெல்ட் ஜுகேட்தான் இந்தத் துறையின் உச்சப் பொருள். 2022இல் ஓர் ஏலத்தில் அப்படிப்பட்ட பட்டன் ஒன்று 1,80,000 டாலருக்கும் மேலான விலைக்குப் போனது. நான் அதைக் கண்ணாடிக்கு வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறேன். வென்றவருடைய பொருளைவிடத் தோற்றவருடைய பொருள் அரிதாகவும் விலை கூடியதாகவும் இருப்பது இங்கே சாதாரணம். வென்றவரின் பட்டனை மக்கள் பத்திரப்படுத்துகிறார்கள், தோற்றவருடையதை வீசிவிடுகிறார்கள்.

ஆனால் கதை சுவையாக இருக்கிறது என்பதற்காகப் பொருள் அரிதாகிவிடாது. 1972இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் மெக்கவர்னின் துணை அதிபர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட தாமஸ் ஈகிள்டன், மனநலச் சிகிச்சை பெற்றிருந்த செய்தி வெளியானதால் மூன்று வாரத்துக்குள் விலகினார். அவருக்குப் பதிலாக சார்ஜென்ட் ஷ்ரைவர் வந்தார். அவ்வளவு குறுகிய காலம் இருந்த கூட்டணியின் பட்டன் பெரும் விலை பெறும் என்று அன்றைக்கே எல்லோருக்கும் தோன்றியது. அதனாலேயே எல்லோரும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்று அவை பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. எடுத்து வைக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றாத பொருள்தான் பிற்காலத்தில் அரிதாகிறது. ஒரு சிறு நகரத்துத் தொழிற்சங்கக் கிளையோ, கல்லூரி மாணவர் குழுவோ, ஒரு நாள் கூட்டத்துக்காகச் செய்துகொண்ட பட்டன்களைத் தேடச் சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றையும் சேகரிக்கத் தொடங்குபவர்கள் சில ஆண்டுகளில் சலித்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தேர்தல், ஒரு மாநிலம், ஒரு கொள்கை என்று ஏதாவது ஒரு வரம்பை வகுத்துக்கொள்வது நல்லது. நான் 1896ஐ எடுத்துக்கொண்டேன். தங்கமே நாணயத்துக்கு ஆதாரம் என்றார் மெக்கின்லி. பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம் என்ற கணக்கில் வெள்ளி நாணயமும் வேண்டும் என்றார் பிரையன். கடனில் மூழ்கியிருந்த விவசாயிகளுக்கும் கடன் கொடுத்திருந்த வங்கிகளுக்கும் இடையிலான வாழ்வுப் போராட்டம் அது. பொருளாதாரப் பாடத்தின் மிகக் கடினமான பகுதியை அன்றைய மக்கள் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள் என்பதே எனக்கு இன்றும் வியப்பு. மெக்கின்லி ஆதரவாளர்கள் தங்க நிற வண்டு வடிவ ஊசிகளை அணிந்தார்கள். பிரையன் ஆதரவாளர்களுக்கு வெள்ளி வண்டு. சில தங்க வண்டுகளில் வாலை அழுத்தினால் சிறகுகள் விரிந்து, ஒரு சிறகில் மெக்கின்லியின் முகமும் மறு சிறகில் துணை வேட்பாளர் கேரட் ஹோபார்ட்டின் முகமும் தெரியும். வாங்கும்போது சுருள்கம்பி வேலை செய்கிறதா என்று ஒரே ஒரு முறை மெதுவாகப் பார்த்தால் போதும். திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒடிந்துவிடும். பிரையன் பட்டன்களில் ஒன்றில் கடிகாரத்தின் படம் இருக்கும். அதன் முட்கள் ஒரு மணிக்குப் பதினாறு நிமிடம் இருப்பதைக் காட்டும். பதினாறுக்கு ஒன்று என்ற முழக்கத்தை எழுத்தே இல்லாமல் சொன்ன அந்த வடிவமைப்பாளரை நான் மனதாரப் பாராட்டுகிறேன். குழந்தை உருவில் செய்த சோப்பைச் சிறு பெட்டியில் படுக்கவைத்து, என் அப்பா மெக்கின்லிக்குத்தான் வாக்களிப்பார் என்ற பொருளில் அட்டை கட்டி விற்றதும் அதே தேர்தலில்தான். சோப்பு என்பதால் கரையாமலும் எலி கடிக்காமலும் தப்பியவை குறைவு.

மெக்கின்லி 1901 செப்டம்பர் 6ஆம் தேதி பஃபலோ நகரப் பொருட்காட்சியில் சுடப்பட்டு, 14ஆம் தேதி இறந்தார். அப்போது வந்த கறுப்பு நாடா கட்டிய துக்கப் பட்டன்கள் இன்றும் மலிவாகக் கிடைக்கின்றன. தொடங்க விரும்புபவர்களுக்கு நான் முதலில் அவற்றைத்தான் சிபாரிசு செய்கிறேன். மலிவு என்பதால் போலி செய்பவர்கள் அவற்றைத் தொடுவதில்லை. அசல் செல்லுலாய்டு கையில் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொள்ள அவை போதும்.

கையெழுத்துகளும் காகிதங்களும் வேறு உலகம். அங்கே நான் எச்சரிக்கையாகவே நடமாடுகிறேன். ஒன்றை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அரசு நிலத்தை விற்றதற்கான தோல் பத்திரங்களில் அதிபரே கையெழுத்திடுவது தொடக்கத்தில் வழக்கம். பத்திரங்கள் பெருகியதால், 1833 மார்ச்சில் வந்த சட்டத்தின்படி ஒரு செயலாளர் அதிபரின் பெயரை எழுதும் முறை வந்தது. ஆகவே ஆண்ட்ரூ ஜாக்சனின் இரண்டாம் ஆட்சிக்காலம் முதல், மார்ட்டின் வான் பியூரன், லிங்கன் என்று பத்திரத்தில் அழகாகப் பெயர் எழுதியிருந்தாலும் அது அவர்கள் கையெழுத்தல்ல. அடுத்த வரியிலேயே செயலாளரின் பெயர் இருக்கும். பத்திரம் முழுக்க முழுக்க அசல், கையெழுத்து மட்டும் அதிபருடையதல்ல. இதைச் சொல்லாமல் விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கென்னடி காலத்திலிருந்து கையெழுத்திடும் இயந்திரம் பெருமளவில் பயன்பட்டதையும் நினைவில் வையுங்கள். இரண்டு கடிதங்களின் கையெழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒளியில் பார்க்கும்போது இம்மியும் பிசகாமல் பொருந்தினால் அது இயந்திரத்தின் வேலை. மனிதக் கை ஒருபோதும் ஒரே மாதிரி இரண்டு முறை எழுதுவதில்லை. லிங்கன் இறந்த செய்தி வந்த 1865 ஏப்ரல் 15 தேதியிட்ட நியூயார்க் ஹெரால்டு நாளிதழ் அடிக்கடி சந்தைக்கு வரும். முதல் பக்கத்தில் லிங்கனின் படம் இருந்தால் அது பிற்கால மறுபதிப்பு.

தமிழர்களில் பலர் விசாவில் அமெரிக்காவில் இருப்பதால் அடுத்த செய்தி மிக முக்கியம். இதை எனக்குச் சொன்னவர் கொலம்பஸ் நகரில் நீண்ட காலமாக இருக்கும் ஓர் அண்ணன். ஒரு தேர்தல் ஆண்டில், வேட்பாளரின் பிரசாரக் குழு நடத்தும் இணையக் கடையில் பட்டன் வாங்கப்போவதாக நான் சொன்னபோது, "தம்பி, உனக்கு இன்னும் கிரீன் கார்டு வரல. அந்தக் கடையில வாங்குற ஒவ்வொரு டாலரும் நன்கொடைக் கணக்குலதான் போகும். நீ கொடுக்கக் கூடாது. பொறுத்திரு, தேர்தல் முடிஞ்சு சந்தைக்கு வரும், அப்ப வாங்கிக்கலாம்" என்றார். விசாரித்துப் பார்த்ததில் அது முற்றிலும் சரி. பிரசாரக் குழுவிடமிருந்து வாங்கும் பொருளின் முழு விலையும் சட்டப்படி தேர்தல் நன்கொடையாகவே கருதப்படுகிறது. குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாத வெளிநாட்டவர் நன்கொடை தரக் கூடாது. பழம்பொருள் கடையிலோ, மற்றொரு சேகரிப்பாளரிடமோ, கூட்டத்துக்கு வெளியே சொந்தமாக விற்கும் தெருவோர வியாபாரியிடமோ வாங்குவதற்கு இந்தத் தடை இல்லை. வாங்கிய இடத்தைக் குறித்துவைப்பது வேறொரு வகையிலும் பயன்படும்: பிரசாரக் குழு வெளியிட்டதா, தனி வியாபாரி அடித்ததா என்ற கேள்வி பிற்காலத்தில் மதிப்பை நிர்ணயிக்கும்.

பாதுகாப்பதில் முதல் விதி, கழுவாதீர்கள். செல்லுலாய்டு பட்டனை ஈரத் துணியால் துடைத்தால், விளிம்பின் வழியே நீர் உள்ளே இறங்கிக் காகிதத்தில் பழுப்புக் கறையாகப் படரும். அந்தக் கறை போகாது, மதிப்பு பாதியாகிவிடும். உலர்ந்த மென்துணியே போதும். இரண்டாவது, வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். மூன்றாவது, காற்றே புகாத பெட்டியில் அடைக்காதீர்கள். பழைய செல்லுலாய்டு மெல்ல ஆவியை வெளியிடும், அது வெளியேற வழி இல்லையென்றால் பக்கத்திலிருக்கும் உலோகத்தையும் அரிக்கும். மலிவான பிவிசி உறைகளும் வேண்டாம்; பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறைகள் பாதுகாப்பானவை. பட்டு நாடாவை மடிக்கவே கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பட்டுக்குக் கனம் சேர்க்க உலோக உப்புகளை ஏற்றினார்கள்; அந்தப் பட்டு மடிப்பில் வெடித்துத் துகளாக உதிர்கிறது. அமிலமற்ற அட்டையின்மேல் தட்டையாக வைத்து, அதையே தூக்குங்கள், நாடாவைத் தூக்காதீர்கள். சேகரித்தவற்றை ஊருக்குக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், சென்னை போன்ற கடலோர நகரின் ஈரக்காற்று ஊசிகளைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு அவ்வப்போது மாற்ற வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சிறிய அட்டை எழுதுகிறேன். எந்த ஊரில், யாருடைய வீட்டுப் பொருள்களோடு, எந்தத் தேதியில், என்ன விலைக்குக் கிடைத்தது, விற்றவர் என்ன சொன்னார் என்பவை அதில் இருக்கும். அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தபோது கேன்டனுக்கு ரயிலில் போனாராம் என்று ஒரு மூதாட்டி சொல்லும் ஒற்றை வாக்கியம், அந்தப் பட்டனின் வரலாற்றில் பாதி. அதை அன்றே எழுதாவிட்டால் அது அவரோடு போய்விடும்.

இன்றைய பொருள்களையும் இதே அக்கறையோடு எடுத்துவைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். திருவாரூர் மாவட்டத்தின் துளசேந்திரபுரம், கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி.கோபாலனின் பூர்வீக ஊர். 2020 தேர்தலின்போது அங்கே ஃபிளெக்ஸ் பேனர்கள் வைத்தார்கள், அவர் வென்றபோது வாசலில் கோலமிட்டு வாழ்த்தினார்கள். அமெரிக்கத் தேர்தல் ஒன்றுக்காகத் தமிழில் அச்சிடப்பட்ட அந்த பேனர்கள், எந்த அமெரிக்கச் சேகரிப்பாளரிடமும் எளிதில் கிடைக்காத பொருள்கள். ஃபிளெக்ஸ் துணி கூரையாகவும் வைக்கோல்போர் மூடியாகவும் மாறிச் சில மழைக்காலங்களில் கிழிந்துபோகும். அந்தப் பகுதியில் இருப்பவர்கள் யாரிடமாவது ஒன்று மீதமிருந்தால், மடிக்காமல் உருளையாகச் சுருட்டி, அச்சிட்ட கடையின் பெயரையும் வைத்த தேதியையும் எழுதி, நிழலில் வைத்துவிடுங்கள்.

தொடங்க நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் நேரில் பார்த்துப் பழக வேண்டும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம், கேன்டனில் மெக்கின்லியின் நினைவிடத்தை ஒட்டிய அருங்காட்சியகம், ஒஹாயோவின் ஃப்ரீமான்ட் நகரில் முன்னாள் அதிபர் ரதர்ஃபோர்டு ஹேய்ஸின் நூலகம் ஆகியவற்றுக்கு நான் போவது லென்ஸுக்குப் பழகிய கண்ணை மறுபடி தீட்டிக்கொள்ளத்தான். நேரில் போக முடியாதவர்களுக்கு, கார்னெல் பல்கலைக்கழகம் தன்னிடமுள்ள சூசன் டக்ளஸ் தொகுப்பை எண்ணிமப் படங்களாக வைத்திருக்கிறது; 1789 முதல் 1960 வரையிலான ஆயிரக்கணக்கான பொருள்களை அதில் பார்க்கலாம். 1945இல் தொடங்கிய அமெரிக்க அரசியல் பொருள் சேகரிப்பாளர் சங்கம் வட்டார அளவில் கூட்டங்கள் நடத்துகிறது. அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் முதியவர்களிடம் ஒரு பட்டனை நீட்டி, இது சரியா என்று கேட்டுப் பாருங்கள். முன்பக்கத்தை ஒரு கணம் பார்ப்பார்கள். பிறகு திருப்பி, விளிம்பை வெளிச்சத்துக்குக் காட்டி, வெகுநேரம் விளக்குவார்கள். அந்தப் பாடத்துக்கு அவர்கள் கட்டணம் எதுவும் கேட்பதில்லை.